பின்னட்டையிலிருந்து தொடங்குங்கள்: ஜாஸ் இசைத்தட்டு சேகரிக்க வருகிறவர்களுக்கு

ஜாஸ் இசைத்தட்டு சேகரிக்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் தேடுவது பெரும்பாலும் ஒரு பட்டியலைத்தான். ‘அவசியம் இருக்க வேண்டிய நூறு தட்டுகள்’ என்று எங்காவது ஒன்று கிடைத்துவிடும். வரிசையாக வாங்கிக் குவிப்பார்கள். கொஞ்ச நாள் கழித்துப் பார்த்தால் பாதித் தட்டுகளை ஊசி தொட்டே இருக்காது. பட்டியலில் தவறில்லை, அது வேறொருவருடைய காதுக்காகப் போடப்பட்டது, அவ்வளவுதான்.

நான் சொல்லப்போகும் வழி மெதுவானது. ஒரு தட்டை வாங்குங்கள். கேளுங்கள். அதன் பின்னட்டையில் யார் யார் என்னென்ன வாத்தியம் வாசித்தார்கள் என்று அச்சிட்டிருப்பார்கள். அந்தப் பெயர்களில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு அடுத்த தட்டுக்குப் போங்கள். ஜாஸில் இது மற்ற இசைகளைவிட நன்றாகப் பலிக்கும். ஒருவர் தலைமையில் வந்த தட்டில் இன்னொருவர் துணைக்கு வாசிப்பார்; அடுத்த மாதம் அந்த இன்னொருவர் தலைமை ஏற்க, முன்னவர் துணைக்கு வருவார். ஒரு தலைமுறையே இப்படி மாறி மாறி உட்கார்ந்து வாசித்திருக்கிறது.

கருவி, சுருக்கமாக

இதில் அதிக நேரம் செலவிட வேண்டாம். சூட்கேஸ் வடிவில் வரும் மலிவான பிளேயர்களை மட்டும் ஒதுக்கிவிடுங்கள். அவற்றில் பலவற்றில் ஊசி கனமாக அழுத்தும், அதைக் குறைக்கவும் வழியிருக்காது. ஊசியைத் தாங்கும் கையின் பின்முனையில் உள்ள எடையைத் திருகிச் சரிசெய்யக்கூடிய டர்ன்டேபிள், மாற்றக்கூடிய மேக்னடிக் கார்ட்ரிட்ஜ் (ஊசி பொருத்திய சிறு பெட்டி), அதிலிருந்து வரும் மெல்லிய ஒலிக்குறியைப் பெருக்கும் ஃபோனோ பிரீஆம்ப், ஆம்ப்ளிஃபயர், இரண்டு ஸ்பீக்கர்கள்: இது போதும். பெரும்பாலான மேக்னடிக் கார்ட்ரிட்ஜ்களுக்கு 1.5 முதல் 2.5 கிராம் வரை அழுத்தம் சொல்லியிருப்பார்கள். அதைவிடக் குறைத்தால் தட்டுக்கு நல்லது என்று நினைக்காதீர்கள். அழுத்தம் போதாத ஊசி தடத்துக்குள் நிலைகொள்ளாமல் துள்ளி, தடத்தின் சுவரைத்தான் காயப்படுத்தும். பழைய டர்ன்டேபிள் வாங்கினால் முதல் வேலை ஊசியை மாற்றுவது. அந்த ஊசி எத்தனை காலம் ஓடியது என்று விற்றவருக்கே தெரிந்திருக்காது.

ஒரு தட்டிலிருந்து இன்னொன்றுக்கு

மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’வையே எடுத்துக்கொள்வோம். எல்லாப் பட்டியலிலும் இருப்பதுதான். அதனாலேயே எங்கும் கிடைக்கும். 1959 மார்ச் 2 அன்றும் ஏப்ரல் 22 அன்றும் நியூயார்க்கில் கொலம்பியா நிறுவனத்தின் முப்பதாம் தெரு ஒலிப்பதிவுக் கூடத்தில் பதிவானது. டிரம்பெட் டேவிஸ். டெனர் சாக்ஸபோன் ஜான் கோல்ட்ரேன். ஆல்டோ சாக்ஸபோன் கேனன்பால் ஆடர்லி. பியானோ பில் எவன்ஸ், ஒரே ஒரு உருப்படியில் மட்டும் விண்டன் கெல்லி. பாஸ் பால் சேம்பர்ஸ். டிரம்ஸ் ஜிம்மி காப்.

இரண்டு மூன்று முறை கேட்டபின் உங்கள் காது யாரிடம் போய் நிற்கிறது என்று கவனியுங்கள். ஆல்டோவிடம் என்றால் அடுத்த தட்டு ஆடர்லியின் ‘சம்திங் எல்ஸ்’, 1958இல் ப்ளூ நோட் வெளியிட்டது. அதில் டேவிஸ் துணைக்கு வாசிக்கிறார். அவர் துணையாக உட்கார்ந்த தட்டுகள் அந்தக் காலகட்டத்தில் அபூர்வம். அங்கே டிரம்ஸில் ஆர்ட் பிளேக்கி இருக்கிறார். அவரைப் பின்தொடர்ந்தால் ‘ஜாஸ் மெசெஞ்சர்ஸ்’ குழுவும், அதில் பயின்று வெளியே வந்த இளைஞர்களின் நீண்ட வரிசையும் திறந்துகொள்ளும்.

பாஸ் பிடித்திருந்தால் பால் சேம்பர்ஸின் பெயரை எங்கே பார்த்தாலும் நில்லுங்கள். 1957 செப்டம்பர் 15 அன்று பதிவான கோல்ட்ரேனின் ‘ப்ளூ டிரெயின்’ தட்டில் அவர்தான் பாஸ். அங்கே லீ மார்கன் டிரம்பெட்டும் கர்ட்டிஸ் ஃபுல்லர் டிராம்போனும் வாசிக்கிறார்கள். டிரம்ஸ் ஃபில்லி ஜோ ஜோன்ஸ். இதே சேம்பர்ஸும் ஃபில்லி ஜோவும் 1958இல் பியானோக்காரர் சோனி கிளார்க்கின் ‘கூல் ஸ்ட்ரட்டின்’ தட்டில் மறுபடி சேர்ந்து உட்காருகிறார்கள். அதற்குள் உங்களுக்கு லீ மார்கனும் சோனி கிளார்க்கும் பழகிவிடுவார்கள், பட்டியல் தேவைப்படாது.

பியானோவென்றால் பில் எவன்ஸ். 1961 ஜூன் 25, ஞாயிற்றுக்கிழமை, நியூயார்க்கின் வில்லேஜ் வேன்கார்டு கிளப்பில் ஸ்காட் லஃபாரோ பாஸும் பால் மோஷன் டிரம்ஸுமாக வாசித்ததை ரிவர்சைடு நிறுவனம் பதிவுசெய்தது. அந்த ஒரு நாளிலிருந்து இரண்டு எல்பிகள் (நிமிடத்துக்கு 33⅓ சுற்று ஓடும் நீண்ட நேரத் தட்டுகள்) வந்தன. பதினொரு நாளில் லஃபாரோ கார் விபத்தில் இறந்துபோனார். தட்டில் பின்னணியில் கிளாஸ்கள் உரசுவதும் ஆட்கள் பேசுவதும் கேட்கும். அதைக் குறையென்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள், எனக்கு அது இல்லாத பதிப்பு வேண்டவே வேண்டாம்.

பெயர்களைப் போலவே லேபிளும், அதாவது தட்டை வெளியிட்ட நிறுவனமும், வழிகாட்டும். ஒவ்வொரு சிறு நிறுவனத்துக்கும் ஒரு சுவை உண்டு. 1939இல் தொடங்கிய ப்ளூ நோட்டை நடத்திய ஆல்ஃபிரட் லயன் ஒத்திகைக்கும் பணம் கொடுத்தார். ஆகவே அந்தத் தட்டுகளில் புதிய மெட்டுகளும் செதுக்கிய ஏற்பாடும் அதிகம். பாப் வைன்ஸ்டாக் 1949இல் தொடங்கிய பிரெஸ்டீஜில் பெரும்பாலும் ஒத்திகை கிடையாது. வந்தார்கள், வாசித்தார்கள், போனார்கள். வேடிக்கை என்னவென்றால் இரண்டு இடத்திலும் பல தட்டுகளில் வாசித்தவர்களும் ஒன்றே, ஒலிப்பதிவு செய்தவரும் ஒருவரே: ரூடி வேன் கெல்டர். 1959 வரை பகலில் கண்பார்வைப் பரிசோதகராக வேலை பார்த்துக்கொண்டு, நியூ ஜெர்சியின் ஹேக்கன்சாக்கில் தம் பெற்றோர் வீட்டு முன்னறையில் ஒலிப்பதிவு செய்தவர். பிறகு எங்கிள்வுட் கிளிஃப்ஸில் சொந்தக் கூடம் கட்டிக்கொண்டார். ஒரே ஆட்கள், ஒரே காது, ஒத்திகை மட்டும் வேறு. இரண்டு நிறுவனத்திலிருந்தும் ஒவ்வொரு தட்டை அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள், வித்தியாசம் தானாகப் புரியும்.

அமெரிக்க மேற்குக் கரையின் மெல்லிய தொனி வேண்டுமென்றால் கன்டெம்பரரி, பசிஃபிக் ஜாஸ். கோல்ட்ரேனின் பிற்காலம் வேண்டுமென்றால் ஆரஞ்சு நிற முதுகுடன் அலமாரியில் தூரத்திலிருந்தே தெரியும் இம்பல்ஸ். 1969இல் மியூனிக்கில் மான்ஃபிரட் ஐக்கர் தொடங்கிய இசிஎம், இவை எல்லாவற்றிலிருந்தும் விலகி நிற்கும் இன்னொரு உலகம்.

கையில் கிடைக்கும் தட்டுகளின் வகை

ஜாஸின் முதல் இசைத்தட்டு 1917இல் ‘ஒரிஜினல் டிக்சிலேண்ட் ஜாஸ் பேண்டு’ என்ற வெள்ளையர் குழு விக்டர் நிறுவனத்துக்காகப் பதிவுசெய்தது. அன்றிலிருந்து முப்பது ஆண்டுக்கு மேல் எல்லாமே நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் அரக்குத் தட்டுகள்தான். பத்து அங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய மூன்று நிமிடம். லூயி ஆம்ஸ்ட்ராங்கும் டியூக் எலிங்டனும் தங்கள் பெரிய காரியங்களை அந்த மூன்று நிமிடத்துக்குள் முடித்தார்கள். 78களைத் தொடக்கக்காரர்கள் தள்ளிப்போடலாம் என்பது என் கருத்து. அவற்றின் தடம் அகலமானது. 3 மில் (அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று பங்கு) ஊசி தனியாக வேண்டும். கை தவறினால் கண்ணாடியாய் நொறுங்கும். அந்தக் காலத்து இசையை எல்பி தொகுப்புகளில் நன்றாகவே கேட்கலாம்.

ஓர் இடைவெளியைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். 1942 ஆகஸ்டில் அமெரிக்க இசைக்கலைஞர் சங்கம் ஒலிப்பதிவு வேலைநிறுத்தம் அறிவித்தது. விக்டரும் கொலம்பியாவும் 1944 நவம்பர் வரை இணங்கவில்லை. சார்லி பார்க்கரும் டிஸ்ஸி கில்லெஸ்பியும் பீபாப் என்ற புதிய பாணியை உருட்டித் திரட்டிக்கொண்டிருந்தது சரியாக அந்த ஆண்டுகளில். அதனால்தான் 1945 தட்டுகளில் அந்தப் பாணி முழு உருவத்தோடு திடீரென்று வந்து நிற்பதுபோல் தோன்றும். வளர்ந்த கதை தட்டில் பெரும்பாலும் ஏறவில்லை.

எல்பியை கொலம்பியா 1948இல் அறிமுகப்படுத்தியது. 1950களின் முதல் பாதியில் ஜாஸ் எல்பிகள் பல பத்து அங்குல அளவில் வந்தன; பிறகு பன்னிரண்டு அங்குலம் நிலைத்தது. ஸ்டீரியோ எல்பிகள் 1958 வாக்கில் கடைக்கு வந்தன. அதற்கு முன் பதிவானவற்றை மோனோவிலேயே கேட்பது நல்லது. 1960களில் பழைய மோனோ பதிவுகளை மின்னணு முறையில் பிரித்து, ‘ஸ்டீரியோவாக மாற்றப்பட்டது’ என்று முகப்பில் அச்சிட்டு விற்றார்கள். அவை கிணற்றுக்குள்ளிருந்து வாசிப்பதுபோல் ஒலிக்கும். இலவசமாகக் கொடுத்தாலும் யோசியுங்கள்.

பழைய கடைகள் சொல்லிக்கொடுத்தது

பின்னட்டைப் பெயர்களைப் படிக்கும் பழக்கம் கடைகளில் பிறந்தது என்றே சொல்லலாம். நியூயார்க்கின் நாற்பத்திரண்டாம் தெருவில் கொமடோர் மியூசிக் ஷாப் என்ற சிறிய கடையை மில்ட் கேப்லர் நடத்தினார். பெரிய நிறுவனங்கள் கைவிட்ட பழைய ஜாஸ் பதிவுகளை 1930களின் நடுவில் வாங்கி மறுபதிப்புச் செய்தபோது, யார் எந்த வாத்தியம் என்று தட்டின் நடுவே ஒட்டும் காகித லேபிளிலேயே அச்சிட்டவர்களில் அவர் முன்னோடி. அதுவரை லேபிளில் குழுத் தலைவரின் பெயர் மட்டும் இருக்கும். உள்ளே ஊதியவர் யார் என்று ரசிகர்கள் காதால் ஊகித்துச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். 1938இல் அவர் சொந்தமாகவே ஒலிப்பதிவு தொடங்கினார். நீக்ரோக்களை மரத்தில் தூக்கிலிடும் கொடுமையைப் பாடும் ‘ஸ்ட்ரேஞ்ச் ஃப்ரூட்’ பாட்டைப் பதிவுசெய்ய பில்லி ஹாலிடேயின் நிறுவனமான கொலம்பியா தயங்கியபோது, 1939 ஏப்ரலில் அதைப் பதிவுசெய்து வெளியிட்டது இந்தக் கடைக்காரரின் லேபிள்தான்.

லண்டனில் சேரிங் கிராஸ் சாலை 77ஆம் எண்ணில் டக் டோபெல் நடத்திய கடையும் அப்படியே. கடை எண்ணையே பெயராக வைத்து ‘77’ என்று ஒரு லேபிள் நடத்தினார். சிகாகோவில் ஜாஸ் ரெக்கார்டு மார்ட் கடையை வைத்திருந்த பாப் கோஸ்டரின் லேபிள் டெல்மார்க். 1966இல் ராஸ்கோ மிட்செலின் ‘சவுண்ட்’ என்ற, அன்றைக்குப் பலருக்குத் தலைகால் புரியாத தட்டை வெளியிட்டது. அந்தக் கடை 2016இல் மூடப்பட்டது. பெரிய சங்கிலிக் கடைகளில் டவர் ரெக்கார்ட்ஸ் 1960இல் சாக்ரமென்டோவில் தொடங்கி 2006இல் அமெரிக்காவில் மூடியது. ஜப்பானில் இன்னும் அந்தப் பெயரில் கடைகள் இருக்கின்றன.

இவர்கள் சரக்கை விற்றார்கள் என்பதைவிட, விற்கும் சரக்கை உட்கார்ந்து கேட்டார்கள் என்பதுதான் விஷயம். பழைய கடைகளில் கண்ணாடிக் கதவு போட்ட சிறு அறைகள் இருக்கும். ஒருவர் நுழைந்து கதவைச் சாத்தினால் இன்னொருவருக்கு இடமில்லை. தட்டைப் போட்டுக் கேட்டுவிட்டு, பிடித்தால் வாங்கலாம், இல்லையென்றால் திருப்பி வைக்கலாம். எல்பிகள் பிளாஸ்டிக் தாளில் முத்திரையிட்டு வரத் தொடங்கியபின் அந்த அறைகள் மெல்ல மறைந்தன. அறை இல்லாத கடைகளில் கல்லாவுக்குப் பின்னாலிருக்கும் டர்ன்டேபிள்தான் பாடசாலை. கெட்டிக்காரக் கடைக்காரர் வாடிக்கையாளர் கேட்ட தட்டைப் போடமாட்டார். அதன் பக்கத்துத் தட்டைப் போட்டுவிட்டு, கேட்பவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். “இது யார்?” என்ற கேள்வி வந்ததும் உறையை எடுத்து நீட்டுவார், முன்பக்கத்தை அல்ல, பின்பக்கத்தை.

இன்றும் இதற்கு நிகரான கடைகள் அங்கங்கே உண்டு. எப்படி அடையாளம் காண்பது? ஜாஸ் பெட்டிகளில் பிரிப்பு அட்டைகளைப் பாருங்கள். ‘ஜாஸ்: அ முதல்’ என்று ஒரே வரிசையாக இருந்தால் சாதாரணக் கடை. சாக்ஸபோன்காரர் ஹாங்க் மோப்லிக்கும் கிட்டார்க்காரர் கிராண்ட் கிரீனுக்கும் தனி அட்டை இருந்தால் உள்ளே யாரோ கேட்கிறார்கள். அவரிடம் போய் “நல்ல ஜாஸ் என்ன இருக்கிறது?” என்று கேட்காதீர்கள், அதற்கு யாராலும் பதில் சொல்ல முடியாது. “லீ மார்கன் பிடித்திருக்கிறது, அவர் தலைமை ஏற்காத தட்டு எதாவது இருக்கிறதா?” என்று கேளுங்கள். பேச்சு தானாக நீளும்.

வாங்கும் முன் தட்டைப் பார்ப்பது

இதை அவசரப்படாமல் பழகிக்கொள்ளுங்கள். பழைய தட்டு வாங்குகிறவருக்குக் காதுக்கு அடுத்தபடி உதவுவது கண்.

முதலில் உறைக்குள் இருப்பது அதே தட்டுதானா என்று பாருங்கள். சிரிக்காதீர்கள், வேறு தட்டு இருப்பது அடிக்கடி நடக்கும். பிறகு விளிம்பையும் நடு லேபிளையும் மட்டும் தொட்டு, தட்டை வெளியே எடுங்கள். விரல் தடத்தில் படக்கூடாது. ஒற்றை விளக்கின் கீழே தட்டைச் சாய்த்துப் பிடித்து மெதுவாகத் திருப்புங்கள். பரவலான டியூப் லைட் வெளிச்சத்தில் எல்லாத் தட்டும் புதிதாகவே தெரியும். ஒரு புள்ளியிலிருந்து வரும் வெளிச்சம்தான் கீறலைக் காட்டிக்கொடுக்கும்.

மயிரிழைபோல் மின்னும் மெல்லிய கோடுகள் காகித உள்ளுறையில் தட்டை இழுத்ததால் வந்தவை, பெரும்பாலும் ஒலிக்காது. தடங்களுக்குக் குறுக்கே ஓடும் கீறல்தான் ஆபத்து. கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டு நகம் படாமல் விரல் நுனியால் மிக மெல்லத் தடவிப் பாருங்கள். விரலுக்குத் தட்டுப்பட்டால் ஊசிக்கும் தட்டுப்படும். கணக்கு எளியது: எல்பியில் ஒரு சென்டிமீட்டர் அகலத்துக்குள் ஏறக்குறைய நூறு தடங்கள். தட்டு ஒரு சுற்றுச் சுற்ற 1.8 விநாடி. ஆக, ஒரு சென்டிமீட்டர் குறுக்குக் கீறல் என்றால் மூன்று நிமிடத்துக்கு இரண்டு விநாடிக்கொரு ‘டிக்’. அது வேகமான உருப்படியில் டிரம்ஸுக்குள் மறைந்துவிடலாம். மெதுவான பாலட்டில் மறையாது. பாஸ் தனியாக வாசிக்கும் இடத்தில் கேட்கவே வேண்டாம். மற்ற வாத்தியங்கள் எல்லாம் நிறுத்திவிடுவார்கள், கீறல் மட்டும் சேர்ந்து வாசிக்கும். ஜாஸ் சேகரிப்பவர்கள் ராக் சேகரிப்பவர்களைவிடத் தட்டின் நிலையில் கறாராக இருப்பதற்கு இதுதான் காரணம்.

கீறலே இல்லாத தட்டும் தேய்ந்துபோயிருக்கலாம். கருமை மங்கிச் சாம்பல் படர்ந்ததுபோல் தெரிந்தால், கனமான பழைய பிளேயரில் பலமுறை ஓடியது என்று பொருள். அப்படிப்பட்ட தட்டில் டிரம்பெட் உச்சத்துக்குப் போகும்போது கரகரக்கும். எந்தக் கழுவலும் அதைத் திருத்தாது. கடையில் போட்டுக் கேட்க விட்டால், முதல் உருப்படியைக் கேட்டு நேரத்தை வீணாக்காதீர்கள். ஒவ்வொரு பக்கத்திலும் லேபிளை ஒட்டியுள்ள கடைசி உருப்படியின் கடைசி நிமிடத்தைக் கேளுங்கள். தேய்மானம் முதலில் தெரிவது அங்கேதான். நடுத்துளையைச் சுற்றி லேபிளில் சிலந்திவலைபோல் கோடுகள் நிறைய இருந்தாலும் தட்டு அதிகம் ஓடியது என்று தெரிந்துகொள்ளலாம். துளையைத் தேடித் தேடித் தட்டை இறக்கியவர்களின் தடம் அது.

கடைசியாக விளிம்பைக் கண்மட்டத்துக்குக் கொண்டுவந்து வளைவு இருக்கிறதா என்று பாருங்கள். லேசான வளைவைப் பெரும்பாலான ஊசிகள் சமாளித்துவிடும்.

உறையைப் பொறுத்தவரை நான் தாராளம். ஓரம் பிரிந்திருந்தால் ஒட்டிக்கொள்ளலாம். உள்ளே இருக்கும் தட்டின் வட்டம் அட்டையில் தேய்ந்து தெரிந்தால் அழகு குறையுமே தவிர ஒலி குறையாது. பழைய உரிமையாளர் பின்னட்டையில் பேனாவால் தம் பெயரையும் தேதியையும் எழுதியிருந்தால் எனக்குப் பிடிக்கும். விலையும் குறைத்துக் கேட்கலாம். மூலை வெட்டப்பட்டோ துளையிடப்பட்டோ இருக்கும் உறைகளை மட்டும் தவறாமல் திறந்து பாருங்கள். விற்காமல் தேங்கியவற்றைக் கழிவு விலையில் தள்ளியபோது நிறுவனங்கள் போட்ட அடையாளம் அது. உள்ளே இருக்கும் தட்டு சில சமயம் ஒருமுறைகூட ஓடியிருக்காது.

முதல் பதிப்பு மோகம்

தடம் முடியும் இடத்துக்கும் லேபிளுக்கும் நடுவே ஒரு வெற்று வளையம் இருக்கிறது. அதில் சாய்த்துப் பார்த்தால் தெரியும்படி எண்களும் குறிகளும் பொறித்திருப்பார்கள். எந்த அச்சிலிருந்து (தட்டுகளை வார்க்கப் பயன்படும் மூலத் தகடு), எந்த ஆலையில் தட்டு பிறந்தது என்று அவை சொல்லும். உறையும் லேபிளும் பொய் சொல்லலாம், இந்த வளையம் பொய் சொல்வது அபூர்வம்.

ப்ளூ நோட்டைப் பாருங்கள். லேபிளில் அச்சிட்ட முகவரி ‘767 லெக்சிங்டன் அவென்யூ’ என்றால் மிகப் பழையது. அடுத்து ‘47 வெஸ்ட் 63ஆம் தெரு’. பிறகு ‘நியூயார்க் யுஎஸ்ஏ’ மட்டும். 1966 முதல் லிபர்ட்டி நிறுவனத்தின் பெயர். 1966 வரை அச்சிட்ட பிளாஸ்டிலைட் ஆலை, வெற்று வளையத்தில் சாய்ந்த ஆங்கில எழுத்து ஒன்றைப் பொறித்தது. அது பார்க்கக் காது வடிவில் இருப்பதால் சேகரிப்பாளர்கள் அதைக் காது என்றே அழைக்கிறார்கள். வேன் கெல்டர் தாமே வெட்டிய அச்சு என்றால் அவருடைய முதலெழுத்துகளோ பெயரோ அங்கே இருக்கும். கொலம்பியாவில் லேபிள் ஓரத்தில் ஆறு கண் போன்ற சின்னங்கள் இருந்தால் 1950களின் பிற்பாதியிலிருந்து 1962 வாக்கிலான அச்சு.

இதையெல்லாம் கற்றுக்கொள்வது ஆனந்தம். ஆனால் முதல் பதிப்பைத் துரத்துவது வேறு வேலை, அது கையைக் கடிக்கும். நான் புதியவர்களுக்குச் சொல்வது: காதும் பழைய முகவரியும் இல்லாத, ஆனால் வேன் கெல்டரின் குறி உள்ள லிபர்ட்டி காலத் தட்டுகளைத் தேடுங்கள். அவர் வெட்டிய அதே அச்சு. விலைக்கு அத்தனை போட்டி இருக்காது.

மூலப் பதிப்புதான் எப்போதும் உயர்ந்தது என்பதும் உண்மையல்ல. ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’வின் முதல் அமர்வில் ஒலிநாடா இயந்திரம் சற்று மெதுவாக ஓடிவிட்டது. அதனால் தட்டின் முதல் பக்கத்தின் மூன்று உருப்படிகளும் இருக்க வேண்டியதைவிடக் கொஞ்சம் வேகமாகவும் சுருதி கூடியும் வெளிவந்தன. சரியான வேகத்தில் ஓடிய மாற்று நாடாவை வைத்து 1992 மறுவெளியீட்டில்தான் இது திருத்தப்பட்டது. பெரும்பணம் கொடுத்து 1959 தட்டை வாங்குகிறவர் சுருதி பிசகிய பக்கத்தையும் சேர்த்தே வாங்குகிறார். அதற்காகவே வாங்குகிறவர்களும் உண்டு, அது அவர்கள் பாடு.

மறுவெளியீடுகளில் நல்லவை நிறைய. 1980களில் ஃபேன்டசி நிறுவனம் ‘ஒரிஜினல் ஜாஸ் கிளாசிக்ஸ்’ என்ற வரிசையில் பிரெஸ்டீஜ், ரிவர்சைடு, கன்டெம்பரரி தட்டுகளைப் பழைய உறையோடு கொண்டுவந்தது. பழைய கடைகளில் இன்றும் அகப்படும். ப்ளூ நோட் 2019இல் தொடங்கிய ‘டோன் பொயட்’ வரிசை மூல நாடாவிலிருந்து வெட்டியது, உறையும் கெட்டி. ஜப்பானிய அச்சுகள் ஓசையற்ற தளத்துக்குப் பெயர்போனவை. முதுகில் சுற்றிய ‘ஓபி’ என்ற காகிதப் பட்டை இருந்தால் விலை கூடும். எதிலிருந்து வெட்டியது என்று எங்குமே சொல்லாத, முகப்பில் ‘180 கிராம்’ என்று மட்டும் பெரிதாகப் போட்டிருக்கும் தட்டுகளிடம் சந்தேகத்தோடு இருங்கள். கனம் இசையைத் திருத்தாது.

நேரில் பார்க்காமல் வாங்கும்போது

டிஸ்காக்ஸ் போன்ற இணையதளங்களில் ஒரே தட்டின் ஒவ்வொரு அச்சும் தனித்தனியாகப் பதிவாகியிருக்கும். வெற்று வளையத்து எண்ணை விற்பவரிடம் கேட்டு ஒப்பிட்டுப் பாருங்கள். நிலையைக் குறிக்கும் தரவரிசையில் மிண்ட், நியர் மிண்ட், விஜி பிளஸ், விஜி (‘வெரி குட்’ என்பதன் சுருக்கம்), குட் என்று இறங்கும். ‘குட்’ என்றால் ஓடும், ஆனால் இரைச்சலோடு ஓடும். ஜாஸுக்கு விஜி பிளஸ்ஸுக்குக் கீழே இறங்காதீர்கள். ‘பார்த்து மட்டும் தரம் குறித்தது’ என்று எழுதியிருந்தால், போட்டுக் கேட்கச் சொல்லுங்கள். மறுத்தால் விட்டுவிடுங்கள், அதே தட்டு இன்னொரு நாள் வரும்.

கழுவுவதும் அடுக்குவதும்

பழைய தட்டு வீட்டுக்கு வந்ததும் கழுவாமல் ஊசி வைக்காதீர்கள். காய்ச்சி வடித்த நீரில் மென்மையான சோப்புத் திரவம் ஒரு துளி; மைக்ரோஃபைபர் துணியால் தடத்தின் போக்கிலேயே வட்டமாகத் துடைத்து, வெறும் நீரால் மறுபடி துடைத்து, நிமிர்த்தி உலர்த்துங்கள். லேபிள் நனையக்கூடாது. அரக்குத் தட்டில் ஆல்கஹால் கலந்த எதையும் தொடவிடாதீர்கள். அரக்கு அதில் கரைந்துவிடும். பழைய உள்ளுறையைத் தூக்கிப் போட்டுவிட்டு பாலித்தீன் உள்ளுறை போடுங்கள். தடித்த பிவிசி உறைகள் ஆண்டுக்கணக்கில் தட்டோடு ஒட்டிக்கிடந்தால் தளத்தில் புகைபோல் படிந்துவிடும்.

தட்டுகள் நேராக நிற்க வேண்டும். படுக்கவைத்து அடுக்கவும் கூடாது, சாய்ந்தபடி விடவும் கூடாது. அலமாரியைப் பற்றி முன்கூட்டியே யோசியுங்கள்: ஒரு மீட்டர் நீளத்தில் 250 தட்டுக்கு மேல் நிற்கும், எடை 60 கிலோவைத் தாண்டும். புத்தக அலமாரிகள் பல இதைத் தாங்காமல் நடுவில் தொய்யும்.

தட்டு அறுபது, எழுபதைத் தாண்டியதும் ஒரு குறிப்பேடு தொடங்குங்கள். தலைப்பு, லேபிள், வளையத்து எண், எந்த உருப்படியில் ‘டிக்’ கேட்கிறது, வாசித்தவர்கள் யார் யார். கைபேசியில் வைத்துக்கொண்டால் கடையில் உதவும். இருந்தும் ஒருநாள் ஏற்கெனவே இருக்கும் தட்டை மறுபடி வாங்கி வருவீர்கள். இரண்டையும் போட்டு, கடைசி உருப்படியின் கடைசி நிமிடத்தை ஒப்பிட்டுக் கேட்டு, ஓசை குறைந்ததை வைத்துக்கொள்ளுங்கள். உறை எதில் நன்றாக இருக்கிறதோ அதை மாற்றிப் போட்டுக்கொள்ளலாம், இரண்டும் ஒரே அச்சாக இருந்தால் மட்டும். மற்றதைக் கடையில் கொடுத்தால் வேறு தட்டுக்கு ஈடாக எடுத்துக்கொள்வார்கள்.